மேலே வைத்த தோல்

தாராவியின் தோல் ஷாப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நாற்றத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாற்றம் உண்மைதான். அங்கே வேலை செய்கிறவனுக்கு அது சில நாட்களில் தெரியாமல் போய்விடும். மற்றவை அப்படிப் போவதில்லை.

நான் எழுத எடுத்துக்கொண்டது கலீலுல்லாவைப் பற்றி. நான்கு தொட்டிகள் வைத்து ஆட்டுத்தோல் பதனிட்டவர். அறுபத்தேழாம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தத் தொட்டிகள் அவர் கையை விட்டுப் போயின. அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததால் கெட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். மைத்துனன் கெடுத்தான் என்பார்கள் சிலர். லண்டன்காரன் ஏமாற்றினான் என்பது மூன்றாவது கதை. மூன்றும் சரியல்ல. அந்த வரிசையில் இருந்த சிறு ஷாப்புகளுக்கு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அவருடைய ஷாப்பில் இருப்பேன். நேரில் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன்.

கலீலுல்லாவுக்கு மேலப்பாளையம். இளவயதில் பம்பாய் வந்து கரீம் பாட்சாவின் ஷாப்பில் சேர்ந்தார். கரீம் பாட்சா அந்த வரிசையில் பெரியவர். இருபது தொட்டிகளுக்கு மேல் இருந்தன. அங்கே கலீலுல்லாவுக்குச் சீவும் வேலை. சுண்ணாம்பில் ஊறிய தோலைச் சாய்வான பலகைமேல் விரித்து, இருபுறமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கவேண்டும். நாள் முழுதும் குனிந்தபடியே நிற்கவேண்டும். விரல்நுனிகளைச் சுண்ணாம்பு தின்றுவிடும். பதினைந்து ஆண்டுகள் அப்படி நின்ற பிறகுதான் நான்கு தொட்டிகளும் ஒரு கொட்டகையும் உள்ள இடத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். பிடித்த அன்று என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இனி அடுத்தவன் பலகையில குனிய மாட்டேன், பிள்ளைவாள்." அதற்குமேல் அவருக்கு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. வீடு வேண்டும் என்றோ ஊரில் வயல் வேண்டும் என்றோ அவர் பேசிக் கேட்டதில்லை.

அந்தச் சந்தில் தோல் விற்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது. காய்ந்து எண்ணெய் ஏறிய தோல்களை இருபது இருபதாக அடுக்கிக் கட்டுவார்கள். மேலே தெரியும் தோலுக்கு முகத்தோல் என்று பெயர். சிறு ஷாப்புகளில், இருபதில் எது மிக மோசமோ அதுதான் முகத்தோல். கசாப்புக் கத்தி பட்டு ஓட்டை விழுந்தது, உண்ணி கடித்துப் புள்ளி விழுந்தது, ஓரம் கிழிந்தது, இப்படி ஒன்று மேலே இருக்கும். வாங்க வருகிற செருப்புக்காரர் அதைப் பார்த்து விலை சொல்வார். கட்டை அவிழ்க்கமாட்டார். உள்ளே இருக்கும் பத்தொன்பதும் இதைவிட மேல் என்பது அவருக்குத் தெரியும். விற்கிறவருக்கும் இதில் வசதி உண்டு. எந்தத் தொட்டியிலும் நல்ல தோல் மட்டும் வராது. நல்லதோடு சேர்ந்து மோசமானதும் போய்விடும். பேரம் இல்லை, பொறுக்கல் இல்லை. யார் ஆரம்பித்தது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மேலே நல்லதை வைத்துக் கட்டுகிறவனை அந்தச் சந்தில் அழைக்க ஒரு சொல் இருந்தது. அச்சில் போட முடியாத சொல்.

கலீலுல்லாவின் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் பூலோகம். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தொண்ணூறடிச் சாலைக்கு இந்தப் பக்கம் ஓர் அறையில், தன் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு பெண்கள் செருப்பும் பர்ஸும் தைத்தார். பூலோகம் எடுத்தால் மற்ற செருப்புக்காரர்களும் எடுப்பார்கள். வரும்போதே, "என்ன பாய், ஆடெல்லாம் சவுக்கியமா?" என்பார். "ஒம்ம கையால செருப்பாவதுக்குக் காத்துக் கெடக்கு அண்ணாச்சி" என்பார் இவர். எட்டு ஆண்டுகளாக இதே கேள்வி, இதே பதில். முகத்தோலை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அறுபத்தைந்திலிருந்து பூலோகம் எடுக்கும் கட்டுகள் குறைந்தன. தாதர் ஸ்டேஷன் வாசலில் ரப்பர் செருப்பு குவித்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். மழையில் நனைந்தாலும் கெடாது, தோல் செருப்பின் விலையில் பாதிகூட இல்லை. நான்கு தொட்டிகளில் ஒன்று சில வாரங்கள் சும்மா கிடந்தது. கலீலுல்லா அதைத் தினமும் கழுவினார்.

அறுபத்தாறு ஜூன் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ரூபாய் மதிப்பைக் குறைத்த செய்தி ரேடியோவில் வந்தது. அந்த வாரம் முழுக்கத் தோல் வரிசையில் வேறு பேச்சில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவனுக்கு அதே தோலுக்கு முன்னைவிட எவ்வளவோ அதிக ரூபாய் வரும் என்றார்கள். கலீலுல்லாவின் மனைவி நூர் நிஷாவின் தம்பி ஜமால் அதே ஷாப்பில் வேலை செய்தான். இருபத்திரண்டு வயது, பேச்சில் பாதி இந்தி. "இப்பம் விட்டா எப்பம் மச்சான்? மவுக்கா வந்திருக்கு. செருப்புக்காரங்கிட்டயே காலம் பூரா கெடக்கணுமா?" என்று நாள் தவறாமல் கேட்டான்.

அடுத்த மாதம் கோட்டைப் பகுதியில் உள்ள ஓர் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து சுப்ரமணியன் என்ற குமாஸ்தா வந்தார். மாதுங்காவில் குடியிருப்பவர், நல்ல மனிதர். சிறு ஷாப்புகளிலிருந்து தோல் சேர்த்து லண்டனுக்கு அனுப்பப்போவதாகவும், மழை நின்றதும் முதல் சரக்கு போகும் என்றும் சொன்னார். விலை அங்கே போய், அங்குள்ள தரகர் பார்த்த பிறகுதான் நிர்ணயமாகும். ஒவ்வொரு ஷாப்பின் குறியும் அந்தந்த மூட்டையில் இருக்கும். நான்கு தொட்டிகளிலும் ஒரு முழுப் பருவம் பதனிட்டால்தான் கம்பெனி கேட்ட அளவு தேறும். அதாவது தீபாவளிச் சமயத்தில் பூலோகத்துக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்க ஒன்றும் இருக்காது.

அந்த மழைக்காலம் முழுதும் கலீலுல்லா இதையே யோசித்தார். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்ததாகச் சொல்கிறவர்கள் அவரை அறியாதவர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த கரீம் பாட்சாவிடம் யோசனை கேட்கப் போனார். கரீம் பாட்சா மதராஸ் ஏஜெண்டுகள் வழியாக ஏற்கனவே வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "ஒன் நாலு தொட்டித் தோலு வரலைன்னு லண்டன்காரன் குளுருல நடுங்கிக்கிட்டு நிக்கானாக்கும், கலீலு?" வேறு எதுவும் சொல்லவில்லை. இதைக் கலீலுல்லாவே என்னிடம் சொன்னார், சிரிக்காமல்.

நூர் நிஷா சொன்னதை நான் நேரில் கேட்டேன். கணவருக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர், கொட்டகை வாசலில் நின்றபடியே சொன்னார்: "இங்க ஒரு தோலு சரியில்லன்னா பூலோகம் அண்ணாச்சி வந்து சத்தம் போடுவாவ. நீங்க போயி ஒரு சமாதானம் சொல்லுவீங்க. அங்க சரியில்லன்னா யாருகிட்டப் போயி நிப்பீங்க?"

கலீலுல்லா சும்மா கிடந்த அந்தத் தொட்டியைக் காட்டினார். "இன்னொண்ணும் இப்படி ஆனா பொறவு எடத்துக்காரன் எடத்தத் திருப்பிக் கேப்பான். பொறவு நான் பாட்சா மொதலாளிகிட்டதான் போயி நிக்கணும்."

நூர் நிஷா சாப்பாட்டை உள்ளே வைத்துவிட்டுப் போனார். மழை விட்டதும் கலீலுல்லா சுப்ரமணியனுக்குச் சரி என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பருவத்தில் அவர் பதனிட்ட தோல்களைப் போல முன்போ பின்போ அந்தச் சந்தில் நான் பார்த்ததில்லை. பாந்திரா கசாப்புக்கூடத்துக்கு விடியுமுன் தாமே போய்ப் பச்சைத்தோலைப் பார்த்து எடுத்தார். தோல் ஊறும் மரப்பட்டைத் தண்ணீரை மாற்ற வேண்டிய நாளுக்கு முன்பே மாற்றினார். பூலோகம் தீபாவளிக்குத் தோல் கேட்டு வந்தபோது இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஜமால்தான் சொன்னான். பூலோகம் கொட்டகையில் தொங்கிய தோல்களைச் சுற்றிப் பார்த்தார். "கப்பலுக்குப் போவுதாக்கும். சரி வே. எங்க பொம்பளைய எல்லாம் இந்தத் தீவாளிக்கு வெறுங்காலோட நடக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நேராகக் கரீம் பாட்சாவின் ஷாப்புக்குப் போனார்.

நவம்பரில் கட்டுகள் தயாராயின. கலீலுல்லா கொட்டகைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இருபதையும் தாமே அடுக்கினார். ஒவ்வொன்றிலும் மிக மோசமானதைத் தேடி மேலே வைத்தார். நல்ல தோல்கள் நிறைய இருந்ததால் மோசமானதைத் தேடுவது அந்தத் தடவை சிரமமாக இருந்தது. சில கட்டுகளில் முகத்தோலாக வைக்க ஓட்டைத்தோல் கிடைக்காமல், பழைய குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்து, நல்லதொன்றை வெளியே எடுத்தார். ஜமால் எதற்கு என்று கேட்டான்.

"புதுப் பார்ட்டி. நம்மள முன்னப்பின்னத் தெரியாது. ஏமாத்துக்காரன்னு ஒரு நிமிசம்கூட நெனச்சிரக் கூடாது."

அங்கே நின்ற எவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. கம்பெனிக் கோடவுனிலும் எண்ணிக்கையும் எடையும் பார்த்தார்களே தவிர ஒரு கட்டையும் அவிழ்க்கவில்லை. கட்டுகள் அப்படியே மூட்டையாகிக் கப்பல் ஏறின.

பதில் பிப்ரவரியில் வந்தது. சுப்ரமணியன் தாமே வந்தார். சந்தில் நுழைந்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தவர், கொட்டகைக்குள் வந்ததும் எடுத்துவிட்டார். நான் அன்று அங்கிருந்தேன். சரக்கு முழுவதும் கடைசித் தரத்தில் போய்விட்டது என்றும், கப்பல் கூலி போக வருகிற தொகை பச்சைத்தோல் வாங்கிய செலவுக்கே போதாது என்றும் சொன்னார்.

கலீலுல்லா நம்பவில்லை. வேறு யாருடைய மூட்டையோ மாறியிருக்கும் என்றார்.

"மாறலை பாய். உங்க குறிதான் போட்டிருக்கா. ஒவ்வொரு கட்டுலேயும் மேல இருக்கற தோலை எடுத்துப் பார்த்திருக்கா. எல்லாத்துலயும் ஓட்டை, கிழிசல். மேலயே இந்த லட்சணம்னா உள்ளே பார்க்கவே வேண்டாம்னு எழுதிட்டா."

"மேல உள்ளதுதானே மோசம்" என்றார் கலீலுல்லா.

சுப்ரமணியனுக்குப் புரியவில்லை. ஜமால் விளக்கிச் சொன்னான். கேட்டு முடித்ததும் சுப்ரமணியன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "ஏன் பாய், மோசமானதை யாராவது மேல வைப்பாளா?" என்றார். கேலி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வேற எங்க வைக்கது?" என்றார் கலீலுல்லா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லண்டனில் அந்தச் சரக்கை வாங்கியவன் பிறகு கட்டுகளை அவிழ்த்திருப்பான். உள்ளே இருந்ததைப் பார்த்திருப்பான். பார்த்து என்ன நினைத்தான் என்று எங்களுக்குச் செய்தி வரவில்லை.

சுப்ரமணியன் தம் மேலாளரிடம் பேசி, மழைக்கு முன் இன்னொரு சரக்கு அனுப்ப அனுமதி வாங்கினார். இந்தத் தடவை நல்லதை மேலே வைக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார். தோலை மாற்ற வேண்டாம், வேலையை மாற்ற வேண்டாம், அடுக்குவதை மட்டும் மாற்றினால் போதும். கேட்பதற்கு மிகச் சிறிய காரியம். கலீலுல்லா சரி என்று சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அந்த வாரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். முதல் சரக்கில் போனதை மீட்க வேறு வழி இல்லாததால் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டுகளைத் தாம் கட்டவில்லை. ஜமாலைக் கட்டச் சொல்லிவிட்டு வெளியே தொட்டி ஓரமாக நின்றார்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. கலீலுல்லா பாந்திரா போயிருந்தார். பட்டை சுமந்து வந்த ஆட்கள் கூலிக்காக நின்றார்கள்; ஜமாலிடம் பணம் இல்லை. அந்த நேரத்தில் பூலோகம் வந்தார். கரீம் பாட்சாவின் தோல் தமக்குச் சரிப்படவில்லை, பழையபடி இங்கேயே எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு வந்திருந்தார். அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். முகத்தோலைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது, ஓர் ஊசிப்புள்ளிகூட இல்லை. இதுவே மோசமானது என்றால் உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். வழக்கமான விலைக்கு மேலே சொன்னார். ஜமால் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்து, பணத்தை வாங்கிக் கூலி கொடுத்து அனுப்பினான். அவனுக்கு வஞ்சகம் ஒன்றும் இல்லை. ஆட்கள் வாசலில் நிற்கும் அவசரத்தில் அந்தக் கட்டு எந்த முறையில் கட்டியது என்பதே அவன் நினைவில் வரவில்லை. அவன் சொன்னதை நான் நம்புகிறேன்.

திங்கட்கிழமை பூலோகம் திரும்பி வந்தார். நான் இருந்தேன். கட்டு அவிழ்ந்திருந்தது. ஆடுகளைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. தோல்களை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார். மேலே இருந்தது முதலில், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கீழே போகப்போக ஓட்டைகள் வந்தன. எல்லாவற்றையும் விரித்து முடித்தபின் நிமிர்ந்தார்.

"என்ன பாய் இது?"

கலீலுல்லா ஜமாலைப் பார்த்தார். ஜமாலின் முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. "அது கப்பலுக்குக் கட்டினது அண்ணாச்சி. பய தெரியாமக் குடுத்துட்டான்" என்றார்.

"அப்பம் வெள்ளைக்காரன ஏமாத்தக் கட்டுனது, தப்பி எங்கிட்ட வந்துட்டு. அப்படித்தானே?"

கலீலுல்லா வாயைத் திறந்தார். லண்டனில் நடந்தது, சுப்ரமணியன் சொன்னது, இரண்டு ஊரின் இரண்டு முறை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நூர் நிஷா முன்பே சொன்ன இடம் இதுதான். இங்கே போய்ச் சமாதானம் சொல்ல முடியும். அவர் சொல்லவில்லை. பூலோகம் கேட்டதை அவரே, சுப்ரமணியனுக்குச் சரி சொல்லுமுன் யோசித்த அந்த ஒரு வாரமும் தம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பூலோகம் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பிற்பகலே கலீலுல்லா மற்ற எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தார். மோசமானதை மேலே வைத்துத் திரும்பக் கட்டினார். ஜமால் கெஞ்சினான். கப்பல் நாள் நெருங்குகிறது, கம்பெனி இன்னொரு தடவை தராது என்றான். "போவட்டும்" என்றார். சுப்ரமணியன் இருமுறை ஆளனுப்பினார், பிறகு அனுப்பவில்லை. வெளிநாட்டு வியாபாரம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுதும் யோசித்தவர் அதை முடித்தது இந்த ஒரு சொல்லில்தான்.

ஆனால் செய்தி சந்து முழுதும் போயிருந்தது. கலீலுல்லா இப்போது நல்லதை மேலே வைத்துக் கட்டுகிறார் என்றார்கள். அச்சில் போட முடியாத அந்தச் சொல்லைச் சொன்னவர்களும் உண்டு. மே மாதம் செருப்புக்காரர்கள் சிலர் வந்தார்கள். முகத்தோலில் ஓட்டை இருப்பதைப் பார்த்தும் கட்டுகளை அவிழ்த்தார்கள். அவிழ்த்த பிறகு இருபதையும் யாரும் எடுக்கவில்லை. நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார்கள். பூலோகமும் ஒருநாள் வந்தார். பழகிய தோஷத்துக்காகத்தான் வந்திருக்கவேண்டும். "தப்பா எடுத்துக்காதீரும் பாய்" என்று சொல்லிவிட்டு அவரும் முடிச்சை அவிழ்த்தார். கலீலுல்லா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு ஆண்டுகளில் அந்தக் கை முடிச்சைத் தொட்டதில்லை.

தள்ளிய தோல்கள் கொட்டகையில் குவிந்தன. ஜூனில் மழை பிடித்தது. குவியலில் பூஞ்சை ஏறியது. ஒரு தொட்டிக்குப் பதிலாக மூன்று தொட்டிகள் சும்மா கிடந்தன. இந்தத் தடவை அவர் அவற்றைக் கழுவவில்லை. ஜமால் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கான்ட்ராக்டரிடம் கூலி வேலைக்குப் போனான். அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆகஸ்ட் முடிவதற்குள் குத்தகை கரீம் பாட்சா பெயருக்கு மாறியது. நான்கு தொட்டிகளுக்கு எழுதிய கணக்கை நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

கரீம் பாட்சா கெட்டவர் அல்லர். கலீலுல்லா மறுபடி வேலை கேட்டுப் போன அன்று, முன்பு கேலி செய்த வாயால் ஒரு கேலியும் செய்யவில்லை. வயதாகிவிட்டது, குனிய வேண்டாம், உட்கார்ந்து தோல் அடுக்கிக் கட்டும் வேலையைப் பார் என்றார். கூலியும் அதில் கொஞ்சம் அதிகம்.

"கட்டுற வேல வேண்டாம் மொதலாளி. சீவுதேன்" என்றார் கலீலுல்லா.

சீவும் பலகைகள் அங்கே சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. அவர் முன்பு நின்ற பலகையில் வேறொருவன் இருந்தான். ஓரத்தில் ஒன்று கொடுத்தார்கள். பூலோகம் அந்த ஷாப்புக்கு வாரந்தோறும் வந்தார். அங்கேயும் அவிழ்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். சந்தில் எல்லா இடத்திலும் அப்போது அப்படித்தான் ஆகியிருந்தது. கலீலுல்லாவுக்கு அவர் குரல் கேட்டிருக்கும். பூலோகம் ஆடுகளைப் பற்றிக் கேட்கவில்லை, இவரும் திரும்பவில்லை. கத்தி பலகையில் இறங்கும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும்.